மூன்று மூன்றாக அடுக்கிய வாஷர்கள்

இந்தப் பக்கமாக உட்காருங்கள். ஜன்னலோரம் வேண்டாம், அங்கே உட்கார்ந்தால் கம்பெனி கேட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நேராகத் தெரியும். தெரிந்தால் ஒன்றும் குற்றமில்லை. இருந்தாலும் மாப்பிள்ளை விசாரிக்க வந்தவரை ஊர் பார்க்க உட்கார வைத்துப் பேசுவது சரியில்லை. அதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வேலை நாளில், தேய்த்து மடித்த வேட்டியோடு ஒருவர் தொழிற்பேட்டைக்குள் வந்து வாட்ச்மேனிடம் தணிந்த குரலில் ஒரு பையன் பெயரைச் சொன்னால், வேறு என்ன காரியமாக இருக்கும்?

இரண்டு டீ சொல்லிவிட்டேன். தேங்காய் பன் சாப்பிடுகிறீர்களா? இங்கே நன்றாக இருக்கும். வேண்டாமா, சரி.

நீங்கள் பெண்ணுக்குத் தாய்மாமன். தாராபுரம் பக்கம் தேங்காய்க் களம். பெண் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு விஷயம்தான் இடிக்கிறது. லோகநாதன் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன், காசு வாங்கிக்கொண்டு கெட்ட சரக்கை நல்ல சரக்கு என்று அனுப்பிவிட்டான், அதனால்தான் இறக்கி ரப்பர் பிரஸ் வேலையில் போட்டுவிட்டார்கள் என்று யாரோ உங்கள் மச்சான் காதில் போட்டிருக்கிறார்கள். அது பொய் என்று தெரிந்தால் நிச்சயத்துக்குத் தேதி வைப்பார். மெய் என்றால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இவ்வளவுதானே? அவனுக்கு ஏற்கெனவே உடுமலைப் பக்கம் ஒரு இடம் இப்படித்தான் விட்டுப்போனது. அவர்கள் வந்து கேட்கக்கூட இல்லை.

வாட்ச்மேன் என்னைக் கைகாட்டியது சரிதான். இரண்டு வருஷம் அவனும் நானும் ஒரே மேஜை.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது சுத்தப் பொய். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி, எங்கள் ரப்பர் கலவைக்குக் கார்பன் பவுடர் கொடுக்கிற வியாபாரி எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸும் பேன்ட் துணியும் கொண்டுவந்து கொடுத்தார். லோகநாதன் ஸ்வீட்டைப் பிரித்து அங்கேயே கூட வேலை செய்கிற பெண்களுக்குக் கொடுத்துவிட்டான். துணியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "எனக்கு இந்தக் கலர் சேராதுங்க" என்றான். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். வாங்கின எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. இதோ, நான் போட்டிருப்பது அந்தத் துணிதான். இன்னும் சாயம் போகவில்லை.

இந்தக் காசு பேச்சை யார் கிளப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இல்லை. இதே பேக்கரியில் பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருவர், "ஏனுங்க, அந்தப் பையன் ஏதாச்சும் வாங்கியிருப்பானுங்களா?" என்று கேட்டார். "யாருக்குங்க தெரியும்" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அது ஒரு பதிலா? டீ குடிக்கும்போது சொல்கிற வார்த்தை.

என்ன கேட்டீர்கள்? காசு வாங்கவில்லை என்றால் கெட்ட சரக்கு எப்படி வெளியே போனது? களம் வைத்திருக்கிறவர் இல்லையா, நேராக அங்கேதான் வருகிறீர்கள்.

அதற்கு எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் தேங்காயை விரலால் தட்டிப் பார்த்து உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்வீர்கள். ரப்பரைத் தட்டினால் சத்தம் வராது. கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். ஆனால் என் கட்டைவிரலும் உங்கள் கட்டைவிரலும் ஒன்றா? அதற்குத்தான் மீட்டர். பழைய பாக்கெட் கடிகாரம் மாதிரி உள்ளங்கையில் அடங்கும். அடியில் மழுங்கலாக ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் மேல் சமமாக வைத்து அழுத்தினால் ஊசி ரப்பருக்குள் அமுங்கும். நன்றாக அமுங்கினால் ரப்பர் மெத்து. அமுங்க விடாமல் ரப்பர் ஊசியை மேலே தள்ளினால் கெட்டி. பூஜ்யத்திலிருந்து நூறு வரை முள் காட்டும். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர் நாற்பது பக்கம் வரும். லாரி டயர் அறுபத்தைந்து. செருப்புக் குதிகால் எண்பது.

இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். வைக்கிறோம், அழுத்துகிறோம், எண்ணைப் படிக்கிறோம். இருபது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்கிறேன். நான் மீட்டரை வைத்து எடுத்து எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், பாப்பாத்தி தட்டில் சாக்பீஸால் எழுதுவாள். பாப்பாத்தி என்பது பிசிறு வெட்டுகிற பெண்களில் மூத்தவள். அச்சிலிருந்து வருகிற ரப்பரில் ஓரமெல்லாம் பிசிறு இருக்கும், கத்தரிக்கோலால் அதை வெட்டுவது அவர்கள் வேலை. ஏழெட்டுப் பேர் என் மேஜையைச் சுற்றித்தான் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் எண்களைச் சொல்லிக்கொண்டே போவதைக் கேட்டு, "மாரப்பண்ணன் ஏலம் போடுது" என்பார்கள். கை பழகிவிட்டால் முள் நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

லோகநாதன் அப்படி இல்லை. டிப்ளமா படித்துவிட்டு வந்தவன். மீட்டரை வைத்துவிட்டு அப்படியே நிற்பான். முள் முதலில் துள்ளி ஏறும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ரப்பரின் குணம் அது, அழுத்த அழுத்த விட்டுக்கொடுக்கும். இறங்கி நின்ற பிறகுதான் எண்ணைச் சொல்வான். நான் ஒரு தட்டு முடிப்பதற்குள் அவன் பாதித் தட்டுதான் முடித்திருப்பான். "என்ன தம்பி, டாக்டர் மாதிரி நாடி பிடிச்சுப் பாக்கறே?" என்பேன். சிரிப்பான். அவனிடம் ஒரு நாள்கூடக் கடுமையாகப் பேசினதில்லை நான்.

அப்போதுதான் இந்த வாஷர் ஆர்டர் வந்தது. மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்று, பேர் வேண்டாம். அதுவரைக்கும் நாங்கள் செய்தது புஷ், பீடிங், வளையம் என்று எல்லாம் தடித்தடியான சாமான். இது மெல்லிசு, இரண்டு ரூபாய் காசைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். பம்பின் இரண்டு பாகங்களுக்கு நடுவே உட்கார்ந்து தண்ணீர் கசியாமல் தடுக்க வேண்டும். அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே கெட்டி இருந்தாக வேண்டும். நான் எப்போதும் போல ஒன்றை எடுத்து மேஜைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தினேன். அறுபத்தாறு. அடுத்தது. அறுபத்தைந்து.

லோகநாதன் பக்கத்தில் வந்து நின்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் பெண்கள் எல்லாம் அங்கேயே இருந்தார்கள்.

"அண்ணா, இது ரொம்ப மெல்லிசுங்களே. ஊசி அமுங்கறப்ப அடியில இருக்கற இரும்புத் தகடு முட்டுக் குடுக்குமுங்க. ரப்பரோட கெட்டி தெரியாதுங்க, தகட்டோட கெட்டியும் சேந்துதான் வரும். மூணு மூணா அடுக்கி வெச்சுப் பாக்கலாங்களா?"

"அடுக்கி வெச்சுப் பாக்கறதுக்கு இதென்ன தம்பி, இட்லியா?"

நான்தான் சொன்னேன். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பாப்பாத்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு இட்லி சார் என்று பெயர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால், "இட்லி சார், மூணா அடுக்கட்டுங்களா, நாலா அடுக்கட்டுங்களா?" என்று ஒருத்தி கேட்பாள். அவன் கோபித்துக்கொண்டு முதலாளியிடம் போயிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். கோபமே வராத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நீங்களே சொல்லுங்கள். அத்தனை பேர் சிரித்த பிறகு நான் எப்படி அடுக்குவது? நானே மூன்று வாஷரை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் பாப்பாத்தி சும்மா இருப்பாளா?

யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு தடவை அடுக்கிப் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். பார்த்தேன். எல்லோரும் சாப்பிடப் போனபோது. முள் அறுபதுக்குக் கீழேதான் நின்றது. நான் அழுத்தினது சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பழக்கமில்லாத விதமாகச் செய்தால் அப்படித்தான் வரும். அதை விடுங்கள்.

டீ ஆறிவிட்டது பாருங்கள்.

அது போன வருஷம், கோடைக்கு முந்தின சீசன். பம்ப் கம்பெனிகளுக்கு அப்போதுதான் ஓட்டம். தினமும் மூட்டை மூட்டையாக வாஷர் போனது. சித்திரை பிறந்ததும் ஒவ்வொரு மூட்டையாகத் திரும்பி வந்தது. தோட்டங்களில் பம்ப் கசிகிறது, வாஷர் நசுங்கிப் பிதுங்கி வெளியே வருகிறது என்று. ரப்பர் கலவையிலேயே ஏதோ குறைந்திருக்கிறது, மெத்தென்று ஆகிவிட்டது. கலவையில் தப்பு நடக்கும், அது எல்லாக் கம்பெனியிலும் நடக்கும். அதைப் பிடிப்பதற்குத்தான் இன்ஸ்பெக்ஷன் என்று நீங்கள் சொல்லலாம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

அந்தப் பம்ப் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தது. சின்ன வயது, என் பெண்ணைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அது கத்தவில்லை, திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நேராக என் மேஜைக்கு வந்தது. என் மீட்டரையே எடுத்தது. திரும்பி வந்த மூட்டையிலிருந்து ஒரு வாஷரை எடுத்துத் தகட்டின் மேல் வைத்து அழுத்தி, முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டியது. அறுபத்து நான்கு. பிறகு அதன் மேலேயே இன்னும் இரண்டை எடுத்து வைத்து அழுத்தியது, பொறுத்தது, மறுபடியும் காட்டியது. ஐம்பத்து மூன்று. மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, வாஷரிலிருந்து கையில் ஒட்டின வெள்ளைப் பவுடரைத் தட்டிக்கொண்டே கேட்டது.

"இதை யாரு செக் பண்ணது?"

கத்தரிக்கோல் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். எச்சிலை விழுங்கிவிட்டுப் பேசலாம் என்று இருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து லோகநாதன், "நாந்தாங்க மேடம்" என்றான்.

ஏழெட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் குனிந்துகொண்டு வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் எங்கள் சரக்கை இந்த ஆள் பார்க்கக் கூடாது என்று அந்த மேடம் சொன்னது. முதலாளி சரிங்க மேடம், சரிங்க மேடம் என்றார். மறுநாள் காலையில் லோகநாதன் பிரஸ்ஸில் நின்றான்.

பிரஸ் என்றால் சூட்டில் இரண்டு இரும்புப் பலகைகள், நடுவே அச்சு. வெறுங்கையை வைத்தால் தோல் வந்துவிடும். அவனுக்கு முழங்கை வரை சூட்டுத் தழும்பு இருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது முழுக்கைச் சட்டை போட்டிருந்திருப்பான். அதை வைத்து வேறு எதுவும் நினைத்துவிடாதீர்கள்.

நான் கேட்கிறேன், அவன் அப்படிச் சொல்லலாமா? என்னை ஒரு வார்த்தை கேட்டானா? நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், அந்த மேடம் ஒரு நாள் முகத்தைக் காட்டியிருக்கும், முதலாளி ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார், முடிந்துபோயிருக்கும். இப்போது பாருங்கள், எத்தனை மாதமாகிறது, தினமும் கேட்டுக்குள் நுழைந்ததும் பிரஸ் பக்கம் பார்க்காமல் குனிந்துகொண்டு போகிறேன். அவனிடம் குறை என்று ஒன்று சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். பொய் சொல்வான். முகம் மாறாமல் சொல்வான். பெண்ணைக் கொடுக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

பிறகாவது முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்றால், எப்படிச் சொல்வது? அவன் வாயால் சொன்னதை நான் மாற்றினால் அந்த மேடம் முன்னால் அவன் பொய்யன் ஆகிவிடமாட்டானா? அவனுக்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் தனியாக இருந்தான். கேட்டுவிட்டேன். "ஏன் தம்பி அன்னைக்கு அப்படிச் சொன்னே?" என் வயது, என் சர்வீஸ், என் மேல் மரியாதை, அப்படி ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். சொன்னால் திருப்பித் திட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். அவன் கையைக் கழுவிக்கொண்டே, "யாராச்சும் ஒருத்தர் சொல்லோணுமில்லீங்களா அண்ணா. அந்தம்மா கேட்டுட்டு நின்னுட்டே இருந்துது" என்றான்.

அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை அவன் மனதில். அந்த மேடம் நின்றுகொண்டே இருந்ததாம். எவ்வளவு நேரம் நின்றிருக்கும்? நான் எச்சிலை விழுங்குகிற நேரம். அன்றைக்குச் சாயந்தரம் பாப்பாத்தியிடம் சாடையாகக் கேட்டேன், அந்தம்மா ரொம்ப நேரமா நின்றது என்று. அவள் என்னைப் பார்க்காமல், "அந்த நேரத்துல நான் ஒரு தட்டு வெட்டி முடிச்சிருப்பேனுங்க" என்றாள். அவளுக்கு எல்லாமே கொஞ்சம் மிகைதான்.

ஆனால் பாப்பாத்தி செய்கிற இன்னொரு காரியம் இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை. காலையில் நான் போகும்போது வாஷர் எல்லாம் மேஜை மேல் தயாராக இருக்கும். மூன்று மூன்றாக அடுக்கி வைத்திருப்பாள். வரிசை வரிசையாக, ஒன்றன் மேல் ஒன்று ஓரம் பிசகாமல். நான் அடுக்கு என்று சொல்லவில்லை. அவள் அடுக்கினேன் என்று சொல்லவில்லை. நான் மீட்டரை வைத்து எண்ணைச் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். யாரும் சிரிப்பதில்லை. ஏலம் என்று சொல்வதில்லை. இட்லி என்கிற வார்த்தையையே அந்தக் கூடத்தில் யாரும் சொல்வதில்லை, டிபன் பாக்ஸில் இட்லியே இருந்தாலும். ஒருத்தியாவது சிரித்துத் தொலைத்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

போன மாதம் லோகநாதனின் அம்மா என் வீட்டுக்கு வந்தது. தகப்பன் இல்லாத பையன், அந்தம்மா ஒருத்திதான். ஒரு தூக்குப்போசி நிறைய வெல்லம் போட்டுக் கச்சாயப் பலகாரம் சுட்டு எடுத்து வந்திருந்தது. என் வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னது: "யாராச்சும் விசாரிக்க வந்தா நீங்க ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க. பையன் என்னமோ தப்பா அளந்துட்டானாம். வெவரம் கேட்டா வாயத் தொறக்க மாட்டீங்கறான். நீங்க கூடவே இருந்தீங்களே, கொஞ்சம் பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

அவன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் என்ன சொல்ல? பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அந்தம்மா கும்பிட்டுவிட்டுப் போனது. கச்சாயத்தை இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டோம். நன்றாகச் சுட்டிருந்தது.

அப்ப அன்னைக்கு அளந்தது யாருங்க என்று இப்படி நேராகக் கேட்டால் நான் என்ன சொல்வது? இரண்டு பேரும் ஒரே மேஜை என்று சொன்னேனே. ஒரே மீட்டர்தான், கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்போம். எந்தத் தட்டு யார் பார்த்தது என்று யார் நினைவு வைத்திருப்பார்கள்? நீங்கள் களத்தில் எந்தத் தேங்காயை எந்த ஆள் உரித்தான் என்று சொல்வீர்களா?

சங்கு ஊதிவிட்டது. ஷிப்ட் முடிந்தது. கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள்.

அதோ, அந்த நீலச் சட்டை. சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி வருகிறான் பாருங்கள், அவன்தான். தினமும் இங்கேதான் டீ குடிப்பான். எனக்கும் சேர்த்துச் சொல்வான், நான் வேண்டாம் என்றாலும் சொல்வான். உயரம் பரவாயில்லை இல்லையா? போட்டோவைவிட நேரில் நன்றாக இருப்பான்.

நம்மைப் பார்த்துவிட்டான்.

நின்றுவிட்டான் பாருங்கள். உங்கள் வேட்டியைப் பார்த்தே அவனுக்குப் புரிந்திருக்கும். வரமாட்டான். அதோ திரும்புகிறான். நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், குறுக்கே வரக் கூடாது என்று வண்டியை எடுக்கப் போகிறான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான், கவனித்தீர்களா? நான் அவனைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறான். நானும் நல்லதாகத்தானே சொன்னேன்? காசு வாங்கமாட்டான் என்று சொன்னேன். கோபம் வராது என்று சொன்னேன்.

யாருக்குப் போன் போடுகிறீர்கள்? மச்சானுக்கா? நீங்களே சொல்லுங்கள், நான் எதற்கு? நேரில் கேட்டவர் நீங்கள். கூட வேலை பார்த்தவர் வாயால் சொன்னால்தான் அவருக்கு நம்பிக்கை வரும் என்றால், நான் அப்படி என்ன பெரிய ஆள். ஏனுங்க, ரிங் போகிறது. கொடுங்கள்.

"ஹலோ. வணக்கமுங்க. கேக்குதுங்க, சொல்லுங்க. ஆமாங்க, பையன் கூட வேலை பாக்கறவன்தானுங்க. இன்ஸ்பெக்ஷன்ல. மூத்தவன், ஆமாங்க. தங்கமான பையனுங்க. பீடி, சிகரெட், தண்ணி எதுவும் கெடையாதுங்க. அந்தக் காசு பேச்சு சுத்தப் பொய்யுங்க, அந்த மாதிரிப் பையனே இல்லீங்க.

"அதுங்களா. அந்தச் சரக்குங்களா.

"இருக்கறனுங்க. லைன்லதான் இருக்கறனுங்க.

"அது வந்துங்க, மீட்டர் கோளாறுங்க. ஆமாங்க, அளக்கற மீட்டர். பழைய மீட்டருங்க, முள்ளு சிக்கிக்கிச்சு. யார் வெச்சுப் பாத்திருந்தாலும் அப்படித்தான் காட்டியிருக்கும். பையன் மேல துளி தப்பு இல்லீங்க. கம்பெனிக்காரங்க யாரையாச்சும் கைகாட்டோணுமில்லீங்களா, அதுல பையன் மாட்டிக்கிட்டான். சத்தியமாங்க. சரிங்க. சரிங்க. நானுங்களா? நான் எதுக்குங்க அங்கெல்லாம். இல்லீங்க, சொந்தபந்தம் இருக்கற சபையில நான் வந்து. சரிங்க. வரேனுங்க. கண்டிப்பா வரேனுங்க. போனை வெச்சரட்டுங்களா."

இந்தாருங்கள் போன்.

தேதி வைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். வைகாசியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். மெஷின் செய்த தப்புக்குப் பையன் என்ன பண்ணுவான், பாவம், என்று அவரே சொன்னார். நல்ல மனுஷன். நிச்சயத்துக்கு நான் கண்டிப்பாக வர வேண்டுமாம். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லாத குறைக்கு, கூட வேலை செய்கிறவர் ஒருவர் இவ்வளவு எடுத்துச் சொல்கிறார் என்றால் அவரைச் சபையில் முன்னால் உட்கார வைத்து மரியாதை செய்ய வேண்டுமாம்.

நடக்க வேண்டியது நடந்துவிட்டதே. வந்த காரியம் முடிந்ததா இல்லையா? பையனுக்கு நல்லது, உங்கள் பெண்ணுக்கும் நல்லது.

மீட்டரா? மாற்றிவிட்டார்களா என்றா கேட்கிறீர்கள்? எதற்கு மாற்ற வேண்டும், அருமையான மீட்டர். ஜப்பான் மீட்டர். வருஷா வருஷம் சென்னைக்கு அனுப்பிச் சோதித்து சர்டிபிகேட் வாங்குகிறோம், இத்தனை வருஷத்தில் அதில் ஒரு புள்ளிகூட—

சிரிக்காதீர்கள்.

டீக்காசை நான் கொடுக்கிறேன். வேண்டாம், நீங்கள் எடுக்காதீர்கள், எங்கள் இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். சரி, கொடுங்கள், கொடுத்துவிட்டீர்கள்.

பஸ் ஸ்டாப் இடதுபக்கம். தாராபுரம் பஸ் இங்கே நிற்காது, பெரிய பஸ் ஸ்டாண்டு போய் மாற வேண்டும். ஒரு நிமிஷம். நிச்சயத்தன்று நீங்களும் அங்கே இருப்பீர்கள் இல்லையா? தாய்மாமன் இல்லாமல் எப்படி, நீங்கள்தான் முன்னால் நிற்பீர்கள். என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், மாலைகூடப் போடுவார்கள், அந்தப் பையன் எதிரில் உட்கார்ந்திருப்பான். அப்போது நீங்கள் என் பக்கம் பார்க்காமல் இருந்தால் போதும். முன்னே பின்னே தெரியாத ஆள் மாதிரி இருந்துவிடுங்கள்.